சின்னப் பசங்களுக்கு பேட்டால பந்து அடிக்க சொல்லிக் குடுக்குறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருஷமா 3 வயசுலேர்ந்து 8 வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு பேட் பிடிக்க சொல்லிக் குடுத்துட்டு வர்றேன். அப்பா அம்மா, தாத்தா, சித்தப்பா எல்லாரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளத்தான் திரும்பத் திரும்ப கேக்குறாங்க, அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன். கிரிக்கெட்ட மனசுல வெச்சுதான் எழுதிருக்கேன், ஆனா பேஸ்பால் ஆடுற குழந்தைக்கும் முக்கால்வாசி இதேதான். வலது கை ஆட்டத்துக்கு எழுதிருக்கேன், இடது கைன்னா அப்படியே திருப்பிக்குங்க.

எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

குழந்தை ஒரு குச்சிய தூக்கி எதையாவது தட்ட ஆரம்பிச்சாலே ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். 3 வயசுல ஆடாம அசையாம இருக்குற பந்த அடிக்க முடியும். 4, 5 வயசுல உருண்டு வர்ற பந்து, பலூன், பெரிய பந்து ஒண்ணு ஒரு பிட்ச் ஆகி (தரையில ஒரு தடவ பட்டு எழும்பி) மெதுவா வர்றது, இதெல்லாம் அப்பப்ப மாட்டும். வர்ற பந்த பத்துக்கு ஆறு ஏழு தடவ ஒழுங்கா அடிக்கிறது பல பசங்களுக்கு 6, 7 வயசுக்கு மேலதான் வருது. டைமிங்கிறது 10, 12 வயசு வரைக்கும் வளந்துட்டே இருக்குற விஷயம். அதனால நாலு வயசுக் குழந்தை மிஸ் பண்ணா அது குழந்தையோட தப்பே இல்ல, அந்த வயசு அப்படி.

என் பொண்ணுக்கு 4 வயசு. எவ்ளோ மெதுவா போட்டாலும் பேட்ட முன்னாடியே சுத்திடுறா. இதுக்கு மேல எப்படி மெதுவா போடுறது?

என்கிட்ட வர்றதுலயே அதிகமான கேள்வி இதுதான், பதில் கேட்டா எல்லாரும் ஆச்சரியப்படுறாங்க: மெதுவா போடுறதுதான் பிரச்சனை.

நாம என்ன பண்றோம், பாவம் சின்னக் குழந்தைன்னு நின்ன இடத்துலேர்ந்து பந்த மேல தூக்கி வளைவா போடுறோம். அந்தப் பந்து குழந்தையோட தலைக்கு மேல போயி அப்புறம் மேலேர்ந்து கீழ இறங்குது. பேட் குறுக்க வருது, பந்து செங்குத்தா விழுது, ரெண்டும் சந்திக்கிற இடம் ஒரு புள்ளி அளவுக்குத்தான் இருக்கும். பெரியவங்களுக்கே அது கஷ்டம். அதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு, சின்னப் பசங்களோட கண்ணும் மூளையும் ரொம்ப மெதுவான அசைவ சரியா கணக்குப் போடாது. 5 வயசுக் குழந்தைக்கு கொஞ்சம் வேகமா நகர்ற பொருளோட வேகம் ஓரளவு பிடிபடும், ரொம்ப மெதுவா நகர்றதுதான் குழப்பும். அந்தப் பந்து காத்துல தொங்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு, எப்ப வந்து சேரும்னு தெரியாம குழந்தை பொறுமை இழந்து பேட்ட சுத்திடுது.

அதனால இப்படி பண்ணிப் பாருங்க. மூணு நாலு மீட்டர் தூரத்துல முட்டி போட்டு உக்காருங்க, உங்க கை குழந்தையோட இடுப்பு உயரத்துக்கு வரணும். அண்டர் ஆர்ம்ல கையக் கீழேர்ந்து நேரா ஆட்டி, தட்டையா, கொஞ்சம் வேகமா விடுங்க, பந்து ஒரு தடவ பிட்ச் ஆகி முட்டிக்கும் இடுப்புக்கும் நடுவுல வரட்டும். வேகமான்னா பயமுறுத்துற வேகம் இல்ல, வளைவு இல்லாம வந்து சேர்ற அளவு, அவ்ளோதான். அப்புறம் ஒவ்வொரு பந்தும் ஒரே தாளத்துல வரணும், "ஒண்ணு" சொல்லும்போது கை பின்னாடி போகணும், "ரெண்டு" சொல்லும்போது பந்து கைய விடணும், "அடி"ங்கும்போது பிட்ச் ஆகி மேல வரணும். ஒரு பந்து மெதுவா ஒரு பந்து வேகமான்னு மாத்தி மாத்தி போட்டீங்கன்னா நேத்து கத்துகிட்டது இன்னிக்கு உதவாது. ஒரு வாரம் ஒரே மாதிரி போடுங்க, நீங்களே பாப்பீங்க.

முதல்ல எந்தப் பந்து வாங்கணும்?

பெருசா, லேசா, பளிச்னு இருக்கணும். முதல் பந்து பலூனாவே இருக்கலாம், காத்துல மிதந்து வர்றதால குழந்தைக்கு கால எடுத்து வெச்சு போயி அடிக்க நேரம் கிடைக்குது (அது மெதுவாத்தானே வருதுன்னு கேப்பீங்க, ஆனா பலூன் அவ்ளோ பெருசு, எப்ப அடிச்சாலும் படும்). ஆனா வெடிச்ச பலூன் துண்ட உடனே பொறுக்கிடுங்க, வாயில போட்டா தொண்டைய அடச்சிரும், அது ரொம்ப ஆபத்து. பக்கத்துல பெரியவங்க இல்லாம பலூனக் குடுக்கவே குடுக்காதீங்க.

அடுத்து காத்தடிச்ச பெரிய பிளாஸ்டிக் பந்து, அப்புறம் பெரிய ஸ்பாஞ்ச் பால், அதுக்கப்புறம்தான் டென்னிஸ் பால். டென்னிஸ் பால்லயே பசங்களுக்குன்னு காத்து அழுத்தம் கம்மியா செஞ்சது வருது, சிவப்பு, ஆரஞ்சு, பச்சைன்னு மூணு வகை. சிவப்பு சாதாரண பந்த விட 75 சதவீதம் மெதுவு, ஆரஞ்சு 50, பச்சை 25. சிவப்பு பந்து உருவத்துலயும் பெருசு, பட்டாலும் வலிக்காது, 5 வயசுக்கு அதுக்கு ஈடே இல்ல.

பின்னாடி என்ன கலர்ங்கிறதயும் பாருங்க. வெள்ளைச் சுவருக்கு முன்னாடி நின்னு வெள்ளைப் பந்து போட்டா எனக்கே தெரியாது. சூரியன் குழந்தையோட முகத்துல அடிக்கக் கூடாது, அத நீங்க வாங்கிக்குங்க.

ஸ்டாண்டுல பந்த வெச்சு அடிக்கிறது ஏமாத்து வேலை மாதிரி இருக்கே, அதுல என்ன கத்துக்கும்?

நிறைய கத்துக்கும். ஓடி வர்ற பந்த அடிக்கிறதுங்கிறது ரெண்டு வேலை, ஒண்ணு பேட்ட ஒழுங்கா சுத்துறது, இன்னொண்ணு எப்ப சுத்தணும்னு முடிவு பண்றது. சின்னக் குழந்தை ரெண்டையும் ஒரே நேரத்துல கத்துக்க முடியாம திணறும். நின்ன பந்துல இரண்டாவது வேலை கிடையாது, முதல் வேலைய மட்டும் நல்லா பழகிக்கலாம். பேஸ்பால்ல டீ-பால்னு குட்டிப் பசங்களுக்குன்னே ஒரு ஆட்டம் வெச்சிருக்காங்க, அதுல பந்த யாருமே வீசுறதில்ல, ஒரு தண்டு மேல வெச்சிருப்பாங்க.

வீட்ல இருக்குறதே போதும். ட்ராஃபிக் கோன் மாதிரி ஒண்ணு, இல்லன்னா ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல மண்ணு போட்டு வாய்ல பந்த வெச்சிடலாம். பந்த எங்க வெக்கிறோம்ங்கிறதுதான் முக்கியம், பாதி பேரு குழந்தையோட வயித்துக்கு நேரா வெக்கிறாங்க. முன்னங்கால் பெருவிரலுக்கு ஒரு ஜாண் முன்னாடி வெக்கணும், உயரம் முட்டி அளவு. பேஸ்பால் மாதிரி அடிக்கணும்னா இடுப்பு அளவு. அங்க அடிச்சுப் பழகுன குழந்தை அப்புறமா வர்ற பந்தயும் முன்னாடியே சந்திக்கும்.

பழைய சாக்ஸுக்குள்ள பந்தப் போட்டு கயிறுல கட்டித் தொங்க விடுறதும் நல்லது, பந்து எடுக்க ஓட வேண்டியதில்ல. முதல்ல பந்து ஆடுறது நின்ன பிறகு அடிக்கச் சொல்லுங்க, ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஆடிட்டிருக்கும்போதே அடிக்கச் சொல்லுங்க, அப்ப டைமிங் உள்ள வந்துரும்.

பேட் என்ன சைஸ்? வளர்ற குழந்தை, கொஞ்சம் பெருசா வாங்கிடலாமா?

வேண்டாம், தயவு செஞ்சு வேண்டாம். செருப்பு பெருசா வாங்குனா கால்தான் வழுக்கும், பேட் பெருசா வாங்குனா மொத்த ஆட்டமும் கெட்டுப் போகும். கனமான பேட்ட குழந்தை பின்னாடி தூக்க முடியாம தோள்ல சாச்சு வெச்சுக்கும், அங்கேர்ந்து குறுக்க வீசும், கீழ்க்கை (கைப்பிடியில கீழ, பலகைப் பக்கமா பிடிக்கிற கை) மட்டும் இழுக்கும், அந்தப் பழக்கத்த மாத்த அப்புறம் வருஷக்கணக்குல ஆகும்.

குழந்தை நிக்கிற நிலையில பேட்ட கால் பக்கத்துல நிமித்தி வெச்சா கைப்பிடி நுனி தொடையோட மேல்பக்கம், இடுப்புக்கு கொஞ்சம் கீழ வரணும். கிரிக்கெட் பேட்ல நம்பர் சின்னதா இருந்தா பேட்டும் சின்னது, 4, 5 வயசுக்கு 0 இல்லன்னா 1 வரும். ஆனா நம்பர விட எடைதான் முக்கியம். மேல்க்கை (கைப்பிடி நுனிப் பக்கமா பிடிக்கிற கை) ஒண்ணால மட்டும் பேட்ட முன்னாடி நீட்டிப் பிடிச்சு மெதுவா பத்து எண்ணச் சொல்லுங்க, நாலு எண்றதுக்குள்ள கை இறங்குச்சுன்னா அந்தப் பேட் வேண்டாம். 3, 4 வயசுக்கு பிளாஸ்டிக் பேட்டே சரி, அகலமா இருந்தா இன்னும் நல்லது.

கைப்பிடி எப்படி பிடிக்கணும்?

பேட்ட குப்புறத் தரையில போடுங்க, கைப்பிடி குழந்தைய பாத்து இருக்கட்டும், கோடாலி எடுக்குற மாதிரி ரெண்டு கையாலயும் எடுக்கச் சொல்லுங்க. முக்கால்வாசி பசங்க சரியாவே எடுத்துடுவாங்க. வலது கை ஆட்டத்துல இடது கை மேல, ரெண்டு கையும் ஒட்டி இருக்கணும், ரெண்டு கைலயும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற வளைவு ஒரே கோட்ல வரணும். கை மாறிப் பிடிச்சிருந்தா மட்டும் மாத்துங்க, மத்தத எல்லாம் விட்டுடுங்க. ஒவ்வொரு பந்துக்கும் விரல விரலா பிரிச்சுத் திருத்தினா குழந்தை பந்தப் பாக்காது, கையத்தான் பாக்கும்.

வலது கையால எழுதுறான், சாப்பிடுறான், ஆனா பேட் மட்டும் இடது பக்கம் நின்னு பிடிக்கிறான். மாத்தணுமா?

மாத்தாதீங்க. பேட் பண்றது ரெண்டு கை வேலை. டெண்டுல்கர் இடது கையால எழுதுறவர், வலது கை பேட்ஸ்மேன். கங்குலி அப்படியே நேர் எதிர், எழுதுறது வலது கை, ஆட்டம் இடது கை. பேட்டத் தரையில போட்டு எந்தப் பக்கமா எடுத்து நிக்கிறான்னு பத்து நாள் பாருங்க, எது வசதியோ அதுல விடுங்க. தினம் ஒரு பக்கம் மாத்தி மாத்தி நின்னாலும் 5 வயசு வரைக்கும் கவலப்பட ஒண்ணும் இல்ல.

"பந்தப் பாரு, பந்தப் பாரு"ன்னு கத்திட்டே இருக்கேன், பாக்கவே மாட்டேங்குறானே?

அவன் பாத்துட்டுத்தான் இருக்கான். பந்தப் பாருன்னா என்ன பண்ணணும்னுதான் அவனுக்குத் தெரியல. அதுக்குப் பதிலா பாக்குறதுக்கு ஒரு வேலை குடுங்க. நான் பந்து மேல மார்க்கர்ல ஒரு பெரிய புள்ளி வெப்பேன், ஒரு பந்துல சிவப்பு, ஒரு பந்துல நீலம், வரும்போதே என்ன கலர்னு கத்தணும். பட்டுதா படலையாங்கிறது கணக்கே இல்ல, கலர் சொன்னா ஒரு பாயிண்ட். ஒரு பொண்ணு மூணு வாரமா ஒரு பந்து கூட தொடாம இருந்தா, இந்த ஆட்டம் ஆரம்பிச்ச அன்னிக்கு "நீலம்"னு கத்திக்கிட்டே அடிச்சா, அடிச்சது அவளுக்கே தெரியல, திரும்பி என்னப் பாத்து பந்து எங்கன்னு கேட்டா.

2000-ல வெளிவந்த ஒரு ஆய்வுல பேட்ஸ்மேன்களோட கண்ணசைவப் படம் பிடிச்சுப் பாத்தாங்க. அவங்க பந்த கடைசி வரைக்கும் தொடர்ந்து பாக்குறதில்ல, கைய விட்டு வெளிய வர்றப்ப பாக்குறாங்க, அப்புறம் கண்ணு முன்கூட்டியே பிட்ச் ஆகப் போற இடத்துக்குத் தாவுது, அங்கேர்ந்து மறுபடி பந்தப் பிடிக்குது. நல்ல ஆட்டக்காரருக்கு அந்தத் தாவல் சீக்கிரமே நடக்குது. அதனால குழந்தைகிட்ட "என் கையப் பாரு, எங்க பிட்ச் ஆகுதுன்னு பாரு"ன்னு ரெண்டு இடத்தச் சொல்லலாம். பந்து விழ வேண்டிய இடத்துல சாக்பீஸால ஒரு வட்டம் போட்டுட்டா இன்னும் சுலபம்.

தலை ஆடாம இருக்கணும், ரெண்டு கண்ணும் சமமட்டத்துல இருக்கணும். இத நான் வாயால சொல்றதில்ல, தலையில ஒரு துணித் தொப்பியப் போட்டு அது விழாம அடின்னு சொல்லிடுவேன்.

எல்லாப் பந்தயும் குறுக்க வீசி ஒரே பக்கமா இழுக்குறான். நேரா ஆட எப்படிப் பழக்குறது?

7 வயசுக்குக் கீழன்னா விட்டுடுங்கன்னுதான் சொல்வேன். குறுக்க வீசுறதுதான் உடம்புக்கு இயல்பா வர்ற அசைவு, பலம் முழுக்க அதுலதான் இருக்கு, பந்து தூரமா போற சந்தோஷத்த முதல்ல அவன் அனுபவிக்கட்டும். அதக் கெடுத்து "முழங்கைய மேல தூக்கு, தோள மடக்கு, கால நீட்டு"ன்னு ஆரம்பிச்சா குழந்தை மரக்கட்டை மாதிரி ஆயிடும். நான் ஆரம்பத்துல இந்தத் தப்ப நிறைய பண்ணிருக்கேன், நல்லா அடிச்சுட்டிருந்த ஒரு பையன ஒரே மாசத்துல பந்து தொட பயப்படுறவனா ஆக்கிட்டேன், அவன் திரும்பவும் சிரிச்சுட்டு ஆட எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

உடம்பப் பத்திப் பேசாம, பந்து எங்க போகணும்னு பேசுங்க. நீங்க பந்து போடுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு வாளி வெச்சு, நடுவுல அடிச்சு அனுப்புன்னு சொல்லுங்க. அப்படி அனுப்பணும்னா பேட் நேரா வந்துதான் ஆகணும், முழங்கை தானாவே மேல போகும். கத்துக்குறவங்க கவனம் உடம்பு மேல இருக்குறத விட வெளிய இருக்குற இலக்கு மேல இருந்தா அசைவு நல்லா அமையுதுன்னு விளையாட்டுப் பயிற்சி தெரிஞ்ச யாரும் சொல்வாங்க, பசங்ககிட்ட அது கண்ணுக்கு நேராத் தெரியும். முட்டிக்குக் கீழ உருண்டு வர்ற பந்துன்னா நேர் பேட்டும், இடுப்பு உயரத்துல வர்றதுன்னா குறுக்கு பேட்டும் போடுறது அப்புறமா அவங்களே கண்டுபிடிச்சுக்குறாங்க.

பந்து வந்தா ஒதுங்கிடுறா, பயம்.

எப்பயாவது பட்டிருக்கும். மறுபடி ஸ்பாஞ்ச் பாலுக்கு வாங்க, அவளையே அந்தப் பந்த எடுத்து தன் கால்ல தட்டிப் பாக்கச் சொல்லுங்க, வலிக்கலன்னு அவளே தெரிஞ்சுக்கட்டும். அப்புறம் கொஞ்ச நாள் பந்த அவ உடம்பிலேர்ந்து ஒரு அடி தள்ளி போடுங்க. "பயப்படாத"ன்னு மட்டும் சொல்லாதீங்க, பயம் சொல்லிப் போறதில்ல.

ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம்?

4 வயசுக்கு பத்து நிமிஷம். 6, 7 வயசுக்கு இருபது. இன்னும் வேணும்னு கேக்கும்போதே நிறுத்திடணும்.

நாலஞ்சு பசங்கள ஒண்ணா வெச்சு ஆடும்போது என்ன கவனிக்கணும்?

பேட் வெச்சிருக்குற குழந்தைக்குப் பின்னாடியும் பக்கத்துலயும் யாரும் நிக்கவே கூடாது. பந்து பட்டு அடிபடுறத விட பேட் பட்டு அடிபடுறதுதான் இந்த வயசுல எனக்கு பயம், வாய்லயும் நெத்திலயும் படும். சாக்பீஸால பேட் நீளத்துக்கு ரெண்டு மடங்கு தூரத்துல ஒரு வட்டம் போடுங்க, உள்ள ஒரே ஒரு ஆள்தான். அடிச்சதும் பேட்ட வீசிட்டு ஓடுற பழக்கம் எல்லாக் குழந்தைக்கும் வரும், பேட்டக் கையிலயே வெச்சுட்டு ஓடுனாத்தான் ரன்னுன்னு சட்டம் போட்டுட்டா ரெண்டு நாள்ல சரியாகும்.

இன்னொண்ணு, அவுட் ஆனா வெளியங்கிற சட்டம் சின்னப் பசங்களுக்கு வேண்டாம். யாருக்கு அதிகமா பந்து வேணுமோ அந்தக் குழந்தைதான் முதல் பந்துலயே அவுட் ஆகி உக்காந்திருக்கும். ஆளுக்கு எட்டு பந்து, அவுட் ஆனாலும் எட்டும் ஆடலாம்னு வெச்சுக்குங்க.

போட்டுக் குடுக்க ஆள் இல்லன்னா தனியா பழகலாமா?

ஒரு சுவர் போதும். ஆஸ்திரேலியாவோட டான் பிராட்மேன் பௌரல் ஊர்ல சின்னப் பையனா இருந்தப்ப பேட்டுக்குப் பதிலா ஒரு ஸ்டம்ப வெச்சு, கோல்ஃப் பந்த வீட்டுத் தண்ணித் தொட்டியோட செங்கல் அடிப்பாகத்துல அடிச்சு, திரும்பி வர்றத திரும்பத் திரும்ப அடிச்சுப் பழகுனார். டெஸ்ட்ல 99.94 சராசரி வெச்சவர் பழகுன விதம் அது. ஆனா கோல்ஃப் பந்து கல்லு மாதிரி திரும்பி வரும், குழந்தைக்கு அது வேண்டாம், ஸ்பாஞ்ச் பால்ல ஆரம்பிக்கட்டும். 6 வயசுக்கு மேல இது நல்லா ஒர்க் ஆகும்.

மத்த பசங்க எல்லாம் அடிக்கிறாங்க, என் பையனுக்கு மட்டும் வரவே மாட்டேங்குது. ஏதாவது குறையா?

பெரும்பாலும் இல்ல, ஆனா ரெண்டு விஷயம் பாத்துடுங்க. ஒண்ணு கண். எப்பவும் ஒரே பக்கமா மிஸ் பண்றது, தலைய ஒரு பக்கம் சாச்சுப் பாக்குறது, ஒரு கண்ண மூடிக்கிறது, இதெல்லாம் இருந்தா கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரு கண்ணு மட்டும் சோம்பலா இருந்தா தூரம் கணிக்கிறது கஷ்டம், சின்ன வயசுலயே கண்டுபிடிச்சா சிகிச்சை நல்லாப் பலன் குடுக்கும்.

இன்னொண்ணு, பட்டன் போடுறது, பென்சில் பிடிக்கிறது, படி ஏறுறது எல்லாத்துலயும் திணறல் இருக்கான்னு பாருங்க. உடம்பசைவ ஒருங்கிணைக்கிறதுல சிரமம் உள்ள பசங்க நூத்துல 5, 6 பேர் இருக்காங்க. சோம்பேறின்னு திட்டு வாங்கிட்டே வளர்றவங்க அவங்க, மனசு கஷ்டமா இருக்கும். குழந்தை மருத்துவர்கிட்ட பேசுங்க. அந்தப் பசங்களும் கத்துக்குறாங்க, பெரிய பந்து, நின்ன பந்து, நிறைய நாள், அவ்ளோதான் வித்தியாசம்.

எப்ப கார்க் பால் குடுக்கலாம்?

வயசு பாத்து முடிவு பண்ணாதீங்க. டென்னிஸ் பால்ல வேகமா வர்றத பயமில்லாம முன்னாடி போய் ஆடுறானா, முகத்துக்கு வர்ற பந்துக்கு ஒதுங்கத் தெரியுதா, இது ரெண்டும் வந்தாதான். 8 வயசுக்கு முன்னாடி நான் குடுத்ததில்ல. டென்னிஸ் பால் எடை 60 கிராமுக்கும் கம்மி, ஆண்கள் ஆடுற கிரிக்கெட் பந்து 156 கிராமுக்கு மேல. சின்னப் பசங்களுக்குன்னு 133-லேர்ந்து 144 கிராம் வரைக்கும் உள்ள பந்து தனியா இருக்கு, உருவத்துலயும் சின்னது, அதக் கேட்டு வாங்குங்க.

ஹெல்மெட்டும் பசங்க ஹெல்மெட்டா இருக்கணும். பெரியவங்க ஹெல்மெட்ல முன்கம்பிக்கும் மேல் விளிம்புக்கும் நடுவுல உள்ள இடைவெளி பெரிய பந்துக்கு ஏத்தது, சின்ன பந்து அது வழியா உள்ள போக வாய்ப்பிருக்கு. ஹெல்மெட், கால்ல கட்டுற பேடு, க்ளவுஸ், அடிவயித்துக்குக் கீழ போடுற கார்ட் நாலும் இல்லாம ஒரு பந்து கூட போடாதீங்க, "ஒரே ஒரு பந்துதானே"ங்குற பந்துலதான் அடிபடும். முதல் நாள் எல்லாத்தையும் மாட்டிட்டு, மறுபடி முட்டி போட்டு உக்காந்து, மூணு மீட்டர்லேர்ந்து அண்டர் ஆர்ம்ல, அதே "ஒண்ணு, ரெண்டு, அடி"தான்.